விவிலியத்தில் அறிவுரை நாடுதல்

விவிலியத்தில் அறிவுரை நாடுதல் என்பது, ஒருவர் முடிவெடுக்கும் முன் அறிவும் நேர்மையும் பட்டறிவும் உள்ளவர்களிடம் கருத்துக் கேட்டு, அதைச் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் ஞான நூல்கள், சிறப்பாக நீதிமொழிகள், இப்பழக்கத்தை ஞானமுள்ளவனின் அடையாளமாகக் காட்டுகின்றன. சாமுவேல், அரசர்கள் ஆகிய வரலாற்று நூல்கள், அறிவுரையைக் கேட்டவர்களுக்கும் தள்ளியவர்களுக்கும் நேர்ந்ததை நிகழ்ச்சிகளாக விவரிக்கின்றன. புதிய ஏற்பாட்டில் இதே பழக்கம் திருச்சபையின் கூட்டு முடிவுகளில் தொடர்கிறது.

அறிவுரை கேட்டாலே எல்லாம் நன்மையாக முடியும் என்று விவிலியம் கூறுவதில்லை. யாரிடம் கேட்பது, விரும்பாத பதில் வந்தால் அதை ஏற்கும் மனம் இருக்கிறதா, கேட்டது கடவுளின் திருவுளத்துக்கு ஒத்ததா என்னும் மூன்று கேள்விகளும் இந்நூல்களில் திரும்பத் திரும்ப எழுகின்றன.

சொற்கள்

எபிரேய மொழியில் அறிவுரையைக் குறிக்கும் முதன்மையான சொல் 'எட்சா' என்பதாகும். அறிவுரை கூறுபவர் 'யோஏட்சு' எனப்படுகிறார். அரசவையில் இது ஒரு பதவியின் பெயராகவும் இருந்தது. நெருங்கியவர்கள் கூடிப் பேசும் வட்டத்தையும், அங்குப் பேசப்படும் மறைபொருளையும் 'சோது' என்னும் சொல் குறிக்கும்.

நீதிமொழிகள் நூலில் வரும் 'தகுபுலோத்து' என்னும் சொல் கவனிக்கத்தக்கது. நெறிப்படுத்துதல், நடத்திச் செல்லுதல் என்று பொருள்படும் இச்சொல், கயிறு எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லோடு தொடர்புடையது என்பர். கப்பலின் கயிறுகளை இழுத்தும் தளர்த்தியும் திசை திருப்பும் வேலையே இதன் அடிப்படை என்பது அவர்கள் கருத்து. செப்துவசிந்தா எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இச்சொல்லைச் சில இடங்களில் கப்பலோட்டுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர்த்துள்ளது. அறிவுரை என்பது காற்றைப் படைப்பதன்று, வீசும் காற்றில் கப்பலைத் திருப்பத் தெரிவதே என்ற எண்ணத்தை இது தருகிறது.

தமிழில் சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு இப்பொருளுக்குப் பெரும்பாலும் 'ஆலோசனை' என்ற சொல்லைக் கையாளுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'அறிவுரை', 'திட்டம்' போன்ற சொற்களும் இடத்துக்கு ஏற்ப வருகின்றன.

பின்னணி

பழங்கால இஸ்ரயேலில் வழிகாட்டுதல் மூவகையினரிடமிருந்து வந்தது. எரேமியாவின் எதிரிகள் பேசும் ஓர் இடத்தில் (எரே 18:18), திருச்சட்டம் குருவிடமும், அறிவுரை ஞானியிடமும், இறைவாக்கு இறைவாக்கினரிடமும் இருக்கும் எனச் சொல்லப்படுகிறது. ஊர் மட்டத்தில் முதியோர் நகர வாயிலில் அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தனர். அரசு ஏற்பட்ட பின் அரசருக்கென ஆலோசகர் இருந்தனர்.

அறிவுரை ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆபேல் பெத்மாக்கா என்னும் நகரைத் தாவீதின் படைத்தலைவர் யோவாபு முற்றுகையிட்டபோது, பெயர் குறிப்பிடப்படாத ஞானமுள்ள பெண் ஒருவர் மதில்மேல் நின்று அவரிடம் பேசி நகரைக் காப்பாற்றினார் (2 சாமு 20). சிக்கல் வந்தால் ஆபேலுக்குப் போய்க் கேட்பது முன்னாளில் வழக்கம் என்று அவரே யோவாபிடம் நினைவூட்டுகிறார். நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரமும் இலமுவேல் அரசருக்கு அவருடைய தாய் கற்பித்தவற்றோடு தொடங்குகிறது.

நீதிமொழிகளின் போதனை

நீதிமொழிகளில் இப்பொருள் பற்றிய வாக்குகள் ஓரிடத்தில் தொகுக்கப்படாமல் நூல் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் கருத்தைப் பின்வருமாறு சுருக்கலாம்.

* பலரிடம் கேட்டல்: ஆலோசகர் பலர் இருப்பது மக்களுக்குப் பாதுகாப்பு என்ற கருத்து மூன்று இடங்களில் வருகிறது (11:14, 15:22, 24:6). ஒன்று நாட்டின் ஆட்சியையும், ஒன்று பொதுவாகத் திட்டமிடுதலையும், ஒன்று போரையும் பற்றியது. தவறினால் பலர் துன்புறும் காரியங்களில் ஒருவரது எண்ணம் போதாது என்பது இவற்றின் உட்பொருள்.
* கேட்கும் மனம்: மூடனுக்குத் தன் வழியே சரியாகத் தோன்றும், ஞானமுள்ளவன் பிறர் சொல்வதைக் கேட்பான் (12:15). வாக்குவாதம் செருக்கிலிருந்து பிறக்கிறது என்றும், அறிவுரையை ஏற்பவரிடம் ஞானம் இருக்கிறது என்றும் 13:10 கூறுகிறது.
* உண்மை பேசும் நண்பர்: நண்பர் உண்டாக்கும் காயம் நம்பத்தக்கது, பகைவர் தரும் முத்தம் அப்படிப்பட்டதன்று (27:6).
* வெளிக்கொணரும் திறன்: மனிதர் உள்ளத்து எண்ணம் ஆழ்ந்த நீர் போன்றது, மெய்யறிவுள்ளவர் அதை மொண்டெடுப்பார் (20:5). அறிவுரை கூறுவது என்பது வாய் ஓயாமல் பேசுவதன்று, எதிரில் இருப்பவரின் உள்ளத்தைக் கேட்டறிவதும் ஆகும் என்பதை இவ்வாக்கு உணர்த்துகிறது.
* எல்லை: மனிதர் பல திட்டங்கள் தீட்டலாம், ஆண்டவரின் திட்டமே நிலைக்கும் (19:21). அறிவுரை கேட்டு நடக்குமாறு கூறும் வாக்குக்கு (19:20) அடுத்தபடியாகவே இந்த எச்சரிக்கை வைக்கப்பட்டுள்ளது.

வரலாற்று நூல்களில் சான்றுகள்

மோசேயும் இத்திரோவும்

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 18ஆம் அதிகாரத்தில், மோசே காலைமுதல் மாலைவரை தனியாக அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்கிறார். அவரைப் பார்க்க வந்த மாமனார் இத்திரோ (எத்திரோ) ஒரு நாள் முழுவதும் இதைக் கவனிக்கிறார். பிறகு, இப்படியே போனால் நீரும் சோர்ந்து போவீர், காத்திருக்கும் மக்களும் சோர்ந்து போவார்கள் என்று கூறுகிறார். கடவுளுக்கு அஞ்சுபவர்களும் கையூட்டை வெறுப்பவர்களுமான திறமைசாலிகளைத் தேர்ந்து ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களாக நியமிக்கவும், பெரிய வழக்குகளை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் அறிவுறுத்துகிறார்.

இத்திரோ இஸ்ரயேலர் அல்லர், மிதியான் நாட்டுக் குரு. கடவுளோடு பேசியவர் என்று போற்றப்பட்ட மோசே, வெளியினத்தவரான ஒருவரின் சொல்லை மறுப்பின்றி ஏற்றார். இத்திரோ பேசிய முறையும் கருதத்தக்கது. முதலில் பார்த்தார், பின்னர் ஏன் இப்படிச் செய்கிறீர் என்று கேட்டார், பதிலைக் கேட்டபின்னரே அறிவுரை கூறினார். தம் அறிவுரையையும் கடவுள் அவ்வாறு கட்டளையிட்டால் என்ற வரம்போடுதான் கூறினார்.

தாவீதும் அபிகாயிலும்

நாபால் என்னும் செல்வர் தம்மை இழிவாகப் பேசியதற்காகத் தாவீது நானூறு பேருடன் வாளேந்திப் புறப்பட்டார் (1 சாமு 25). நாபாலின் மனைவி அபிகாயில் வழியில் அவரை எதிர்கொண்டு உணவுப் பொருள்களைத் தந்து வேண்டினார். நாளை அரசராகப்போகும் ஒருவருக்கு, காரணமின்றி இரத்தம் சிந்திய நினைவு மனத்தை உறுத்தக்கூடாது என்பது அவருடைய வாதத்தின் மையம். தாவீது திரும்பிச் சென்றார். தம்மைத் தடுத்ததற்காக அப்பெண்ணுக்கு நன்றியும் கூறினார். இதே அதிகாரத்தில் நாபாலின் பணியாள் ஒருவர், தம் தலைவரிடம் எவரும் பேசவே முடியாது என்று அபிகாயிலிடம் முறையிடுகிறார். பேச முடிந்த ஒருவரும் பேச முடியாத ஒருவரும் இவ்வாறு ஒரே அதிகாரத்தில் எதிரெதிரே நிறுத்தப்பட்டுள்ளனர்.

அகிதோபலும் ஊசாயும்

தாவீதின் ஆலோசகர் அகிதோபலின் (அகித்தோப்பேல்) சொல், கடவுளிடமே கேட்டுப் பெற்றது போல மதிக்கப்பட்டது (2 சாமு 16:23). அப்சலோம் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்தபோது அகிதோபல் அவன் பக்கம் சேர்ந்தார். தாவீது தம் நண்பர் ஊசாயை எருசலேமுக்குத் திருப்பி அனுப்பி, அப்சலோமிடம் பணிபுரிபவராக நடித்து அகிதோபலின் திட்டத்தை முறியடிக்கச் சொன்னார்.

பன்னிரண்டாயிரம் பேருடன் அன்றிரவே தாமே புறப்பட்டுச் சென்று, களைத்திருக்கும் அரசரை மட்டும் கொன்றுவிட்டு மக்களைத் திருப்பிக் கொண்டுவருவதாக அகிதோபல் கூறினார். ஊசாயோ, தாவீது போரில் தேர்ந்தவர் என்று அச்சமூட்டி, தாண் முதல் பெயேர்செபா வரை உள்ள அனைவரையும் திரட்டி அப்சலோமே முன்னின்று போருக்குச் செல்லவேண்டும் என்றார். இரண்டாவது திட்டம் அப்சலோமுக்கு இனித்தது. அதில் படையை நடத்தும் பெருமை அவனுக்கே கிடைத்தது. அந்த இடைவெளியில் தாவீது யோர்தானைக் கடந்து தப்பினார். தம் சொல் எடுபடவில்லை என்று கண்ட அகிதோபல் ஊர் திரும்பி, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார்.

அகிதோபலின் அறிவுரை போர்த்தந்திரம் என்ற அளவில் சிறந்தது என்பதை நூலாசிரியரே ஒப்புக்கொள்கிறார். அதைக் குலைத்தது ஆண்டவரின் செயல் என்றும் கூறுகிறார் (17:14). கூர்மையான அறிவும் நேர்மையான நோக்கமும் எப்போதும் சேர்ந்தே இருக்கும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ரெகபெயாமின் மூன்று நாள்

சாலமோன் இறந்தபின் அவர் மகன் ரெகபெயாம் (ரெகொபெயாம்) செக்கேமுக்கு வந்தார். அவரை அரசராக்கக் கூடிய மக்கள், அவருடைய தந்தை சுமத்திய கடும் வேலைப்பளுவைக் குறைத்தால் பணிந்து நடப்பதாகக் கூறினர் (1 அர 12). அவர் மூன்று நாள் தவணை கேட்டார்.

சாலமோனின் அவையில் இருந்த முதியோர், இன்று நீர் இம்மக்களுக்குப் பணியாளராகி இனிய சொல் கூறினால் இவர்கள் என்றும் உமக்குப் பணியாளராக இருப்பார்கள் என்றனர். அரசர் அதைத் தள்ளிவிட்டு, தம்முடன் வளர்ந்த தோழர்களைக் கேட்டார். தந்தையைவிடக் கடுமையாக நடந்துகொள்வதாக அறிவிக்கும்படி அவர்கள் கூறினர். மூன்றாம் நாள் அரசர் அப்படியே பேசினார். பத்துக் குலங்கள் பிரிந்து எரொபவாமைத் (யெரொபெயாம்) தங்கள் அரசராக்கின. கட்டாய வேலைக்குப் பொறுப்பாளராக இருந்தவரை அரசர் அனுப்பியபோது மக்கள் அவரைக் கல்லால் எறிந்து கொன்றனர். கி.மு. 930 அளவில் நடந்ததாகக் கணிக்கப்படும் இப்பிளவு பின்னர் சரிசெய்யப்படவே இல்லை.

இந்நிகழ்ச்சியை முதியோருக்கும் இளையோருக்கும் இடையிலான போட்டியாக மட்டும் படிப்பது முழுமையாகாது. ரெகபெயாம் அரசரானபோது அவருக்கு வயது 41 (1 அர 14:21). அவரோடு வளர்ந்தவர்களும் ஏறத்தாழ அதே வயதினரே. ஆனால் மூலநூல் அவர்களைச் சிறுவர்களைக் குறிக்கும் சொல்லாலேயே அழைக்கிறது. மேலும், முதியோரிடம் இம்மக்களுக்கு எப்படிப் பதில் கூறலாம் என்று கேட்ட அரசர், தோழர்களிடம் 'நாம்' என்ன பதில் கூறலாம் என்று கேட்கிறார். இரண்டாவது கூட்டத்தில் தம்மையும் அவர் முன்னதாகவே சேர்த்துக்கொண்டுவிட்டார். முதியோரின் சொல்லைத் தள்ளிய பிறகே தோழர்களைக் கேட்டார் என்ற வரிசையும், தாம் விரும்பிய விடைக்காகவே அவர் ஆள் தேடினார் என்ற எண்ணத்தைத் தருகிறது.

இதே அதிகாரத்தில், எரொபவாமும் ஆலோசனை செய்த பின்னரே பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுவினார் என்று சொல்லப்படுகிறது (12:28). கலந்தாலோசித்தார் என்பதாலேயே முடிவு சரியாகிவிடவில்லை.

நானூறு பேரும் ஒருவரும்

ஆகாபு அரசர் இராமோத்து கிலயாதின்மீது போர் தொடுக்கலாமா என்று ஏறக்குறைய 400 இறைவாக்கினரைக் கேட்டார் (1 அர 22). அனைவரும் வெற்றி நிச்சயம் என்றனர். உடனிருந்த யூதாவின் அரசர் யோசபாத்து, கேட்பதற்கு வேறு யாரும் உண்டா என்று வினவினார். மீக்காயா என்று ஒருவர் இருப்பதாகவும், தமக்கு நல்லதே சொல்லாததால் அவரை வெறுப்பதாகவும் ஆகாபு பதிலளித்தார். அழைத்து வரச் சென்ற தூதரும், மற்றவர்களைப் போலவே பேசும்படி மீக்காயாவிடம் வழியில் கேட்டுக்கொண்டார். மீக்காயா தோல்வியை முன்னறிவித்துச் சிறைக்குச் சென்றார். ஆகாபு மாறுவேடத்தில் போருக்குச் சென்று, குறியின்றி எய்யப்பட்ட அம்பால் இறந்தார்.

ஆலோசகர் பலர் இருப்பது பாதுகாப்பு என்னும் நீதிமொழிகளின் கருத்துக்கு இந்நிகழ்ச்சி வரம்பு கட்டுகிறது. பலரும் அரசரின் முகம் பார்த்துப் பேசும்போது நானூறு குரல்கள் ஒரே குரலாகி விடுகின்றன.

தவறான அறிவுரை

சாதுரியத்தையும் ஒழுக்கத்தையும் விவிலியம் பிரித்தறிகிறது. தாவீதின் மகன் அம்னோனுக்கு யோனதாபு என்ற நண்பன் இருந்தான். அவனைக் குறிக்க நூலாசிரியர் பயன்படுத்தும் எபிரேயச் சொல், ஞானியைக் குறிக்கும் அதே சொல்தான் (2 சாமு 13:3). அவன் தந்த யோசனை தாமாருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் முடிந்தது. யூதாவின் அரசர் யோவாசு, குரு யோயாதா உயிரோடிருந்தவரை நல்வழியில் நடந்தார், அவர் இறந்தபின் தம்மை வணங்கிப் பேசிய தலைவர்களின் சொல்லைக் கேட்டு வழிதவறினார் (2 குறி 24). பொல்லாரின் சொற்படி நடவாதவரை வாழ்த்தியே திருப்பாடல்கள் நூல் தொடங்குகிறது.

யோபு நூல் வேறுவகைத் தவற்றைக் காட்டுகிறது. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் தீய நோக்கத்துடன் வரவில்லை. ஏழு நாள் யோபுவோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர். பேசத் தொடங்கியபின், துன்பம் பாவத்தின் விளைவு என்னும் பொது விதியை அவருக்குப் பொருத்தினர். அவர்கள் கூறியவற்றில் பல, தனியாக எடுத்துப் பார்த்தால் பிழையற்றவை. எலிப்பாசின் வாக்கு ஒன்றைத் தூய பவுலும் பின்னர் மேற்கோளாகக் கையாளுகிறார் (1 கொரி 3:19). ஆயினும் நூலின் இறுதியில் கடவுள் அவர்களையே கடிந்துகொள்கிறார். துன்புறுபவரின் நிலையை அறியாமல் கூறப்படும் பொது உண்மை, அவருக்குப் பொய்யாகிவிடக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

சீராக் நூலின் வழிமுறை

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு மிக விரிவாக விடை கூறுவது சீராக் நூல். கி.மு. 180 அளவில் எருசலேமில் எழுதப்பட்ட இந்நூலைக் கத்தோலிக்கரும் கிழக்கத்திய மரபுவழிச் சபையினரும் திருமுறையில் சேர்த்துள்ளனர். சீர்திருத்தச் சபையினர் இதைத் திருமுறைக்குப் புறம்பான நூலாகக் கருதுகின்றனர்.

நண்பர்கள் பலர் இருக்கலாம், ஆனால் அறிவுரையாளர் ஆயிரத்தில் ஒருவராகவே இருக்கட்டும் என்பது இதன் கருத்து (6:6). 37ஆம் அதிகாரம், அறிவுரை கூறுபவர் தம் நலனை முன்வைத்துப் பேசக்கூடும் என்று எச்சரித்து, கேட்கத் தகாதவர்களைப் பட்டியலிடுகிறது. கோழையிடம் போரைப் பற்றியும், வாங்குபவரிடம் விற்பனையைப் பற்றியும், சோம்பேறியிடம் வேலையைப் பற்றியும் கேட்கவேண்டாம் என்கிறது. அதன்பின் நூல் மூன்று படிகளை வகுக்கிறது. இறைப்பற்று உள்ளவரும், நாம் தடுமாறினால் நம்மோடு வருந்துபவருமான ஒருவரைக் கேட்கவேண்டும். தன் உள்ளத்தின் குரலையும் மதிக்கவேண்டும், கோபுரத்தில் அமர்ந்து காக்கும் காவலர் எழுவரைவிட அது சிலவேளை தெளிவாகச் சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளிடம் மன்றாடவேண்டும்.

புதிய ஏற்பாடு

ஞானம் குறைவாக இருப்பவர் கடவுளிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு திருமுகம் கூறுகிறது (1:5). இருபதாயிரம் பேருடன் வரும் எதிரியைப் பத்தாயிரம் பேருடன் எதிர்க்க முடியுமா என்று முதலில் உட்கார்ந்து சிந்திக்கும் அரசரை இயேசு உவமையாகக் கூறினார் (லூக் 14:31).

தொடக்கத் திருச்சபையில் பெரும் சிக்கலாக எழுந்தது, பிற இனத்தவர் விருத்தசேதனம் செய்துகொள்ளவேண்டுமா என்ற கேள்வி. அந்தியோக்கியாவில் தீராத இவ்விவாதம் எருசலேமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது (திப 15). அங்கு நீண்ட விவாதம் நடந்தது. பேதுரு பேசினார். பர்னபாவும் பவுலும் தங்கள் பணியில் கண்டதை எடுத்துரைத்தனர். யாக்கோபு இறைவாக்கினர் நூலைச் சுட்டி முடிவை முன்மொழிந்தார். பட்டறிவும் மறைநூலும் கலந்துரையாடலும் ஒன்றுசேர்ந்த இக்கூட்டம், கி.பி. 49 அளவில் நடந்ததாகக் கருதப்படுகிறது. முடிவைத் தெரிவித்த மடல், அது தூய ஆவியாரும் தாங்களும் சேர்ந்து எடுத்த முடிவு என்று குறிப்பிட்டது.

பவுல் கைதியாக உரோமைக்குச் சென்ற கடற்பயணம் எதிர்மறைச் சான்றாக அமைகிறது (திப 27). பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலை ஓட்டுபவரையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். குளிர்காலத்தைக் கழிக்க அத்துறைமுகம் ஏற்றதன்று என்பதால் பெரும்பாலோரும் புறப்படவே விரும்பினர். புயலில் சிக்கிய கப்பல் மால்தா தீவருகே உடைந்தது. ஆனால் இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மாலுமிகள் படகில் தப்ப முயல்வதைப் பவுல் சுட்டிக்காட்டியபோது வீரர்கள் உடனே அவர் சொல்லைக் கேட்டுப் படகின் கயிறுகளை வெட்டினர். கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் தப்பினர். முதலில் புறக்கணித்த அறிவுரையைப் பிறகு ஏற்பதும் வீண்போவதில்லை என்பதற்கு இது சான்று.

பிற்கால மரபு

ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கு, தன் மூன்றாம் அதிகாரத்தை இப்பொருளுக்கே ஒதுக்கியுள்ளது. முக்கியமான காரியங்களில் மடத்துத் தலைவர் துறவியர் அனைவரையும் கூட்டிக் கேட்கவேண்டும், இறுதி முடிவு அவருடையது. கடவுள் பலவேளைகளில் இளையவருக்கே சிறந்ததை வெளிப்படுத்துவார் என்பதால் இளையோரையும் அழைக்கவேண்டும் என்பது அவ்வதிகாரம் கூறும் காரணம்.

எசாயா 11:2இல் வரும் அறிவுரையின் ஆவியை அடியொற்றி, தூய ஆவியாரின் ஏழு கொடைகளில் ஒன்றாக அறிவுரையைக் கத்தோலிக்க மரபு எண்ணுகிறது. பழைய தமிழ்ச் செபநூல்களில் இது 'விமரிசை' எனப்படும். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமசு அக்குவினாசு இக்கொடையை முன்மதி என்னும் நற்பண்போடு இணைத்து விளக்கினார். 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என விதிக்கிறது. பங்கின் உடைமைகளை நிர்வகிப்பதில் பங்குத்தந்தைக்குத் துணைநிற்பது அக்குழுவின் பணியாகும்.